நாற்பத்தைந்து நிமிடப் பையன்கள்



கால்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இங்கிலாந்து, ஸ்பெயின் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இந்தோனேசியாவுக்குப் போகிறேன். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் என்ற பெயரில் 1938இல் ஒரே ஒரு உலகக் கோப்பை ஆட்டம் ஆடி, ஹங்கேரியிடம் 6-0 என்று தோற்றுத் திரும்பிய நாடு அது. சுதந்திரம் பெற்ற பிறகு அந்த மேடையில் அது ஏறியதேயில்லை. ஆனால் பந்தின் மீதுள்ள பைத்தியத்தில் ஆசியாவில் அதற்கு இணை சொல்வது கடினம். பாண்டுங்குக்கு ஒரு பெர்சிப், ஜகார்த்தாவுக்கு ஒரு பெர்சிஜா, சுராபாயாவுக்கு ஒரு பெர்செபயா என்று ஊரும் அணியும் ஒன்றாகவே வளர்ந்த நாடு.

அங்கே 2017இல் நடந்த முதல்நிலை லீகான லீகா 1 சீசனைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். "இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள்" என்று எல்லா நாட்டுச் சம்மேளனங்களும் மேடையில் சொல்லும். அடுத்த நாள் மறந்துவிடும். இந்தோனேசியர்கள் மறக்கவில்லை. சொன்னதை விதிப்புத்தகத்தில் எழுதினார்கள். அந்த விதிக்கு என்ன ஆனது என்பது நம் நாட்டில் லீக் நடத்துகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

முதலில் அந்த விதி எந்த நிலைமையில் பிறந்தது என்று பார்த்துவிடுவோம். 2015 ஏப்ரலில் இந்தோனேசிய அரசின் விளையாட்டு அமைச்சகத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் மோதல் முற்றியது. எந்தெந்த கிளப்புகள் லீகில் ஆடத் தகுதியுள்ளவை என்பதில் தொடங்கிய சண்டை. லீக் பாதியில் நின்றது. அரசு உள்ளே நுழைந்துவிட்டது என்று சொல்லி, மே 30ஆம் தேதி ஃபிஃபா அந்த நாட்டையே தடை செய்தது. தடை 2016 மே மாதம்தான் நீங்கியது. அந்த ஓராண்டில் தொழில்முறை வீரர்கள் பிழைப்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கிராமத்துக்குக் கிராமம் நடக்கும் 'தார்காம்' ஆட்டங்களில் காசுக்கு ஆடினார்கள். தேசிய அணி வீரன் ஒருவன் ஊர்த் திடலில், உள்ளூர்ப் பையனின் முரட்டுக் காலுக்குத் தப்பி ஆடிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் அப்படியாவது ஆடினார்கள். 17, 18 வயதுப் பையன்களுக்கு அந்த இடைவெளி முழுக்க வெறும் இடைவெளிதான்.

தடை நீங்கிய அதே ஆண்டின் இறுதியில் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான ஏ.எஃப்.எஃப். கோப்பை. ஒரு கிளப்பிலிருந்து 2 பேருக்கு மேல் தேசிய அணிக்கு விடமாட்டோம் என்று கிளப்புகள் அடம்பிடித்தன. ஆல்ஃப்ரட் ரீடில் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர், கடையில் மிச்சமிருந்த காய்கறியில் சமைப்பதுபோல ஓர் அணியைச் சேர்த்து, இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அங்கே தாய்லாந்திடம் தோற்றார்கள். கிளப்புக்கும் சம்மேளனத்துக்கும் இடையே உள்ள அந்த இழுபறியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதை முழுக்க அதுதான் ஓடுகிறது.

2016 நவம்பரில் எடி ரஹ்மாயாடி என்ற ராணுவத் தளபதி சம்மேளனத் தலைவரானார். 2017 ஜனவரியில் தேசிய அணிப் பயிற்சியாளராக லூயிஸ் மில்லா வந்தார். 2011இல் ஸ்பெயினின் 21 வயதுக்கு உட்பட்ட அணியை ஐரோப்பிய சாம்பியனாக்கியவர். அவர் முன்னால் வைக்கப்பட்ட வேலை, அந்த ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. அதில் கால்பந்து 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. பயிற்சியாளர் வந்துவிட்டார்; ஆடத் தயாராக இருக்கும் பையன்கள் எங்கே? கிளப்புகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பெஞ்சிலிருந்து எழுப்பத்தான் விதி வந்தது.

விதி இதுதான். ஒவ்வொரு கிளப்பும் 23 வயதுக்கு உட்பட்டவர்கள் 5 பேரையாவது பதிவு செய்ய வேண்டும். அவர்களில் 3 பேர் முதல் விசில் ஊதும்போதே களத்தில் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, 45 நிமிடமாவது ஆட வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் ஓர் அணியில் 2 பேருக்கு மேல் கூடாது. இவ்வளவும் ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கவிருந்த லீகுக்கு, சில மாதங்களே இருக்கும்போது வந்தவை.

இதோடு நின்றிருந்தால் இதை ஒரு தூய்மையான பரிசோதனை என்று சொல்லலாம். நிற்கவில்லை. மார்ச் மாதம், பழைய செல்சி வீரர் மைக்கேல் எஸ்ஸியன் பெர்சிப் அணியில் சேர்ந்தார். நாடே கூத்தாடியது. உடனே 'மார்க்கீ வீரர்' என்று ஒரு தனி இடம் திறக்கப்பட்டது: வெளிநாட்டவர் 2 பேர், ஆசியர் 1, அதற்கு மேல் உலகப் புகழ் பெற்ற ஒருவர். கதவு திறந்ததும் வந்தவர்களைப் பாருங்கள். கார்ல்டன் கோல், பீட்டர் ஒடெம்விங்கி, டிடியே ஜொகோரா, முகமது சிசோகோ, ஷேன் ஸ்மெல்ட்ஸ். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஒரு கையால் இளைஞர்களை உள்ளே தள்ளி, மறு கையால் ஓய்வுபெறும் வயதுக்காரர்களை அழைத்த சீசன் அது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். களத்தில் 11 பேர். வெளிநாட்டவர் 4. இளைஞர் 3. மீதி 4 இடம். அந்த 4 இடத்துக்குத்தான் அணியில் உள்ள 24 முதல் 34 வயது வரையிலான அத்தனை இந்தோனேசிய வீரர்களும் முட்டி மோத வேண்டும். குடும்பம், குழந்தை, வீட்டுக்கடன் என்று இருக்கும் 26 வயதுக்காரனுக்கு அந்த விதி என்னவாகப் பட்டிருக்கும்? இன்னொன்று. 22 வயதில் அவனுக்கு விதியின் தயவால் இடம் இருந்தது. 24 ஆனதும் அதே விதி அவன் இடத்தைப் பிடுங்கியது. அவன் ஆட்டம் அந்த இடைவெளியில் முன்னேறியிருந்தாலும் சரி. வயதை வைத்துக் கொடுக்கும் சலுகை எல்லாவற்றிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. இளைஞர்களுக்காகப் போட்ட விதியின் செலவைக் கிளப் முதலாளியும் கட்டவில்லை, சம்மேளனமும் கட்டவில்லை. நடுவயது உள்ளூர் வீரன் கட்டினான்.

முதல் ஆட்டம் பாண்டுங்கில், பெர்சிப்புக்கும் அரெமாவுக்கும். 0-0. மைதானம் நிறைந்த கூட்டம், எஸ்ஸியன் என்ற ஆரவாரம். அதற்குப் பிறகு வாரம் ஆக ஆக ஒரு பழக்கம் பரவியது. இடைவேளை விசில் ஊதும்; இளைஞர்களில் ஒருவரோ இருவரோ திரும்பி வரமாட்டார்கள். 46ஆவது நிமிடத்தில் மாற்று வீரர் இறங்குவார். நம் கல்யாணங்களில் மாப்பிள்ளைத் தோழன் என்று ஒரு சிறுவனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைப்போமே, முகூர்த்தம் முடிந்ததும் அவன் எங்கே போனான் என்று யாராவது தேடுவோமா? அந்த நிலைமைதான். சடங்குக்கு அவன் வேண்டும், சடங்கு முடிந்தது.

பயிற்சியாளர்களைத் திட்டுவது எளிது. நான் திட்டமாட்டேன். 18 அணிகள், கடைசி 3 அணிகள் கீழே இறங்கும். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அவர் வேலை போகும். அவரிடம், "நாட்டின் எதிர்காலத்துக்காக இந்தப் பையனை இன்னும் அரைமணி நேரம் வைத்திரு" என்று சொன்னால், "என் எதிர்காலம்?" என்றுதான் கேட்பார். ஞாயமான கேள்வி. பத்தாண்டு வேலையை, ஆட்டத்தன்றைக்கு, ஓரக்கோட்டில் நிற்கும் ஒரு மனிதர் தலையில் ஏற்றிவிட்டது அந்த விதி.

அவர் அந்தப் பையனை எங்கே ஆட வைத்தார் என்பது இன்னும் சுவாரசியம். அந்த ஆண்டு பெயர் எடுத்த இளைஞர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பெர்சிப்பின் ஃபெப்ரி ஹரியாடி, விங். பெர்சிஜாவின் ரெசால்டி ஹெஹானுசா, இடது பேக். சீசனின் சிறந்த இளம் வீரர் என்ற பரிசும் அவருக்குத்தான். பெர்செலாவின் சாட்டில் ரம்டானி, விங். பாலி யுனைட்டட்டின் ரிக்கி ஃபஜ்ரின், இடது பேக். எல்லோரும் ஓரக்கோட்டுக்காரர்கள்! தப்பு செய்தால் உடனே கோல் விழாத இடங்கள் அவை. அணியின் முதுகெலும்பு, அதாவது நடு பேக், நடுக்களம், ஸ்ட்ரைக்கர், பெரும்பாலும் வெளிநாட்டவருக்கும் மூத்தவர்களுக்கும் போனது. பாரிட்டோ புத்ராவில் ஹன்சாமு யாமா நடு பேக்காக நின்றார். அப்படிச் சிலர் உண்டு. ஆனால் கோல் போடும் வேலையை இளைஞர் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர் பாலி யுனைட்டட்டின் சில்வானோ கோம்வாலியஸ். நெதர்லாந்துக்காரர், சீசன் நடுவில் 30 வயதைத் தொட்டவர், 37 கோல். 1994-95இல் பெரி சாண்டிரியா அடித்த 34 கோல் சாதனை அதோடு உடைந்தது. இளைஞர் சீசனில் உடைந்த பெரிய சாதனை அதுதான். இந்தோனேசியத் தேசிய அணி அதற்குப் பிறகும் பல ஆண்டு ஒரு நல்ல ஸ்ட்ரைக்கருக்காகத் தவித்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. மக்காசர் நகரின் பி.எஸ்.எம். அணியில் அஸ்னாவி மங்குவாலம் என்ற 17 வயதுப் பையன் அந்த ஆண்டு லீகுக்குள் வந்தான். பின்னாளில் தென்கொரியாவின் இரண்டாம் நிலை லீகில் ஆன்சான் அணிக்கு ஆடினான், தேசிய அணிக்குத் தலைவனானான். விதி இல்லாவிட்டாலும் அவன் வந்திருப்பானா? இருக்கலாம். கதவு கொஞ்சம் முன்னதாகத் திறந்தது என்ற அளவுக்கு விதிக்கு மதிப்பெண் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அதே ஆண்டு அந்த நாட்டிலேயே எல்லோரும் பேசிய பையன் வேறொருவன். மேடானைச் சேர்ந்த எகி மௌலானா விக்ரி. பிரான்சின் தூலோன் போட்டியில் 2017இல் புதுமுக விருது வாங்கியவன். அடுத்த ஆண்டு போலந்தின் லெஹியா க்டான்ஸ்க் அணி அவனை எடுத்துக்கொண்டது. அவன் எந்த லீகா 1 அணியிலிருந்து போனான்? எதிலிருந்தும் இல்லை. ஜகார்த்தாவில் ரகுனான் விளையாட்டுப் பள்ளியில் வளர்ந்து, நேராக ஐரோப்பா போனான். லீகின் இளைஞர் விதி அவனைத் தொடவே இல்லை.

இப்போது கதையின் திருப்பத்துக்கு வருகிறேன். ஜூலையில் பாங்காக்கில் ஆசிய 23 வயதுக்கு உட்பட்டோர் தகுதி ஆட்டங்கள். அடுத்த மாதம் கோலாலம்பூர். மில்லா பையன்களைக் கூப்பிட்டார். கிளப்புகள் கையை விரித்தன: "நீங்கள் சொன்னீர்கள் என்று பையன்களைச் சேர்த்தோம், அவர்களையே நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் நாங்கள் யாரை இறக்குவது?" பதில் சொல்ல முடியாத கேள்வி. சம்மேளனம் விதியை நிறுத்தி வைத்தது. இளைஞர்கள் தேவைப்பட்டதால் வந்த விதி, இளைஞர்கள் தேவைப்பட்டதாலேயே நின்றது.

சரி, யாருக்காக இவ்வளவும் செய்தார்களோ அந்த அணி என்ன ஆனது? பாங்காக்கில் மலேசியாவிடம் 3-0. தகுதி போயிற்று. ஆகஸ்ட் 26, ஷா ஆலம் மைதானம், தென்கிழக்கு ஆசியப் போட்டியின் அரையிறுதி. மறுபடியும் மலேசியா. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது ஒரு தலைமுட்டு, 1-0. அந்தப் பந்தைத் தலையால் முட்டியவர் பெயர் தனபாலன் நடராஜா. நெகிரி செம்பிலானில் ஆடிய மலேசியத் தமிழர். ஜகார்த்தாவின் ஓராண்டுத் திட்டத்தை ஒரு தமிழ்ப் பையனின் தலை முடித்துவைத்தது என்று நாம் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். இந்தோனேசியா மியான்மரை 3-1 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது. மோசமில்லை. எதிர்பார்த்தது அதுவல்ல.

லீகில் யார் வென்றார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. பட்டம் வென்றது பயாங்காரா எஃப்.சி. காவல்துறையைச் சேர்ந்த அணி. பெக்காசியில் ஆடும்போது பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். ஸ்காட்லாந்துக்காரரான சைமன் மெக்மெனமி பயிற்சியாளர். நவம்பர் 8ஆம் தேதி மதுரா யுனைட்டட்டை 3-1 என்று வென்றார்கள்; மூன்று கோலையும் போட்டவர் 21 வயது இல்ஹாம் உடின் அர்மாயின். பாலி யுனைட்டட்டும் பயாங்காராவும் கடைசியில் 68 புள்ளிகளோடு சமமாக நின்றன. இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கில் பட்டம் பயாங்காராவுக்குப் போனது.

அந்த 68இல் 2 புள்ளி களத்தில் வந்தவை அல்ல. மித்ரா குக்கார் அணியோடு ஆடியது 1-1 என்று டிராவில் முடிந்தது. தடையில் இருந்த ஒருவரை மித்ரா குக்கார் இறக்கிவிட்டது என்று முடிவாகி, ஆட்டம் பயாங்காராவுக்கு 3-0 என்று மாற்றி எழுதப்பட்டது. அந்த ஒருவர் யார்? மார்க்கீ வீரர் சிசோகோ. இளைஞர் சீசனின் பட்டம் ஒரு பழைய லிவர்பூல் வீரரின் தடைக்காலக் கணக்கில் தீர்ந்தது. பட்டம் வென்ற அணிக்கு ஆசியப் போட்டிகளுக்கான உரிமம் இல்லை. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் பாலி யுனைட்டட் போய் ஆடியது. எஸ்ஸியனின் பெர்சிப் 13ஆம் இடம். கார்ல்டன் கோல் சீசன் பாதியிலேயே மூட்டை கட்டியிருந்தார்.

ஆனால் பயாங்காராவின் அணிப் பட்டியலைப் பாருங்கள். எவன் டிமாஸ், ஹர்கியாந்தோ, இல்ஹாம் உடின், புத்து கெடே. நால்வருமே விதியின் கணக்கில் இளைஞர்கள். நால்வருமே 2013இல் 19 வயதுக்கு உட்பட்ட தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வென்ற அணியின் பையன்கள். அதே ஆண்டு ஜகார்த்தாவில் தென்கொரியாவை 3-2 என்று வீழ்த்தியபோது மூன்று கோலும் எவன் டிமாஸுடையவை. அந்த அணியைக் கட்டியவர் இந்திரா ஷஃப்ரி. பெரிய ஊர் அகாடமிகளை நம்பாமல், தீவு தீவாக, கிராமம் கிராமமாகச் சுற்றிப் பையன்களைப் பொறுக்கியவர். அவர்களை மாதக்கணக்கில் ஒன்றாக வைத்திருந்தார், ஒன்றாக ஆட வைத்தார். 2017இல் எல்லா கிளப்பும் 3 இளைஞர்களைத் தேடி அலைந்தபோது, பயாங்காராவிடம் நான்கு வருடம் முன்பே வளர்ந்துவிட்ட இளைஞர்கள் இருந்தார்கள். விதி அவர்களை உருவாக்கவில்லை. அவர்களை வைத்திருந்த கிளப்புக்கு லாபம் கொடுத்தது, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி பின்னால் போவோம். எவன் டிமாஸ் சுராபாயாப் பையன். அந்த ஊரில் பெர்செபயா கிளப் தன் உறுப்பு அணிகளுக்குள்ளேயே ஓர் உள்நகர லீக் நடத்துகிறது, தலைமுறைகளாக. பள்ளிப் பையன்கள் முதல் அதில் ஆடுவார்கள். நல்லவன் மேலே வருவான். அந்த பெர்செபயா 2017இல் லீகா 1இல் இல்லை! பெயரையும் உரிமையையும் பற்றிய வழக்குகளில் சிக்கி, பல ஆண்டு வெளியே தள்ளப்பட்டு, அந்த ஜனவரியில்தான் மறுபடி அங்கீகாரம் பெற்றது. இரண்டாம் நிலையான லீகா 2இல் ஆடி, அதில் பட்டமும் வென்றது. அந்தப் பெயர்ச் சண்டையில் பிரிந்துபோன இன்னொரு கிளை, பெயர் மாறி, காவல்துறை அணியோடு சேர்ந்து என்னவானது தெரியுமா? பயாங்காரா. நாட்டின் மிகச் சிறந்த நாற்றங்காலை வெளியே நிறுத்திவிட்டு, இளைஞர்களை வளர்க்க விதி போட்டார்கள். பிறகு வந்த மார்செலினோ ஃபெர்டினான், ரிஸ்கி ரிடோ, எர்னாண்டோ அரி மூவரும் பெர்செபயாவிலிருந்து வந்தவர்கள்.

இது இந்தோனேசியர்களுக்கு மட்டும் வந்த புத்தி இல்லை. அதே 2017 ஜனவரியில் சீனாவும் இப்படி ஒன்று செய்தது. அங்கே பணம் கொட்டிய காலம், ஷாங்காய் எஸ்.ஐ.பி.ஜி. அணி பிரேசில்காரர் ஆஸ்காரை 6 கோடி யூரோ கொடுத்து வாங்கியிருந்தது. சூப்பர் லீக் தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போது அறிவித்தார்கள்: ஆட்டநாள் அணியில் 23 வயதுக்கு உட்பட்ட சீனர் 2 பேர், அவர்களில் ஒருவர் முதல் பதினொன்றில். நிமிடக் கணக்கு கிடையாது. விளைவு? அரைமணி ஆவதற்குள் பையனை வெளியே எடுத்தார்கள். இந்தோனேசியப் பையனுக்கு 45 நிமிடமாவது கிடைத்தது. 2018இல் சீனா விதியைத் திருத்தியது: எத்தனை வெளிநாட்டவர் ஆடுகிறார்களோ அத்தனை இளைஞர்களும் ஆட வேண்டும். உடனே இளைஞர்கள் 90ஆவது நிமிடத்தில் இறங்கத் தொடங்கினார்கள். பிறகு அந்த சீசனின் கடைசிக் கட்டத்தில், அக்டோபரில், 25 வயதுக்கு உட்பட்ட 55 வீரர்களை கிளப்புகளிடமிருந்து பிடுங்கி, ராணுவ ஒழுங்கோடு நடந்த முகாமுக்கு அனுப்பினார்கள். 2020 ஜனவரியில் ஆசிய 23 வயதுக்கு உட்பட்டோர் கோப்பையில் சீனா மூன்று ஆட்டம் ஆடியது. மூன்றிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை.

விதி போடுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எதை எண்ணும் விதி என்பதுதான் கேள்வி. 2000இல் ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி ஒரே ஒரு புள்ளியோடு முதல் சுற்றில் வெளியேறியது. அவர்கள் என்ன செய்தார்கள்? பன்டெஸ்லிகாவில் இத்தனை இளைஞர்கள் இத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்று எழுதவில்லை. முதல் இரண்டு நிலைகளில் ஆடும் 36 கிளப்புகளும் தரமான இளையோர் அகாடமி வைத்திருந்தால்தான் உரிமம் என்றார்கள். சம்மேளனம் தன் பங்குக்கு நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பயிற்சி மையங்களைத் திறந்து, 11 வயதுப் பிள்ளைகளைத் தேடிப் போனது. ஆட்டநாளில் பயிற்சியாளர் யாரை இறக்குகிறார் என்பதில் யாரும் தலையிடவில்லை. நல்லவன் கையில் இருந்தால் அவர் ஏன் பெஞ்சில் வைக்கப்போகிறார்? 2014இல் உலகக் கோப்பை. ஐரோப்பிய சங்கமான யூஃபா 2006-07 முதல் எண்ணியதும் பிறந்த தேதியை அல்ல: 15 முதல் 21 வயதுக்குள் மூன்று ஆண்டாவது அந்தக் கிளப்பிலோ அந்த நாட்டிலோ பயின்றவனா என்பதை. அப்படிப் பயின்றவன் 32 வயதிலும் கணக்கில் வருவான். 24 ஆனதும் அவனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தக் கிளப் பையனைச் சிறு வயதில் வளர்த்ததோ அது பத்து வருடம் பலன் அனுபவிக்கும்.

இந்தோனேசியாவும் இதை முற்றிலும் அறியாமல் இல்லை. அதே 2017இல், சத்தமில்லாமல், லீகா 1 கிளப்புகளின் 19 வயதுக்கு உட்பட்ட அணிகளுக்கென்று ஒரு தனி லீக் தொடங்கியது. பாப்புவாவின் பெர்சிபுரா முதல் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வந்தது. நாளிதழ்களில் எஸ்ஸியனுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைத்திருக்காது. என் கணக்கில் அந்த சீசனில் செய்த உருப்படியான வேலை அதுதான்.

2024இல் கத்தாரில் நடந்த ஆசிய 23 வயதுக்கு உட்பட்டோர் கோப்பையில் இந்தோனேசியா முதன்முறையாக ஆடி, தென்கொரியாவை பெனால்டியில் 11-10 என்று வீழ்த்தி, அரையிறுதி வரை போனது. நானும் ராத்திரி விழித்திருந்து கைதட்டினேன். ஆனால் அந்த அணியில் ஜஸ்டின் ஹப்னர், ஐவர் ஜென்னர், ரஃபாயேல் ஸ்ட்ரைக், நேதன் ஜோ-ஆ-ஒன் என்று முக்கியமான இடங்களில் நின்றவர்கள் நெதர்லாந்தில் பிறந்து, ஐரோப்பிய அகாடமிகளில் பயின்று, பிறகு குடியுரிமை பெற்றவர்கள். அவர்களுக்குத் தாத்தா பாட்டி வழியில் இந்தோனேசிய ரத்தம் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய 10 வயது முதல் 18 வயது வரையிலான பயிற்சிக்குச் செலவழித்தது யார் என்று மட்டும் கேட்கிறேன். பக்கத்தில் நின்ற மார்செலினோவுக்கும் ரிடோவுக்கும் செலவழித்தது சுராபாயா. 2023-24 சீசனில் லீகில் 23 வயதுக்கு உட்பட்ட ஒருவரை 45 நிமிடம் ஆட வைக்கும் விதி மறுபடி வந்தது, வெளிநாட்டவர் எண்ணிக்கையும் கூடவே ஏறியது. பழைய கணக்கு, புதிய எண்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன், சுருக்கமாக. 2021-22 முதல் இந்தியன் சூப்பர் லீகில் களத்தில் வெளிநாட்டவர் 4 பேராகக் குறைந்தார்கள். ஆட்டநாள் அணியில் வளரும் வீரர்கள் 2 பேராவது இருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. இருக்க வேண்டும், சரி. எங்கே இருக்க வேண்டும்? பெஞ்சில் இருந்தாலும் விதி நிறைவேறிவிட்டது. சீனா 2017இல் நின்ற இடத்துக்கும் ஒரு படி கீழே அது. வெளிநாட்டவரைக் குறைத்ததை நான் வரவேற்கிறேன். அந்த இரண்டாவது விதியை ஒரு சாதனை என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன்.

இங்கே மாவட்டச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். பத்திரிகை நண்பர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு லீக் 'இளைஞர் விதி' என்று அறிக்கை விட்டால், எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதை எழுதி முடித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கிளப்பின் 13 வயது அணியும் 15 வயது அணியும் போன ஆண்டு எத்தனை ஆட்டம் ஆடின, யாரோடு ஆடின, அவர்களுக்கு முழுநேரப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். பதில் இல்லாத கிளப்புக்கு உரிமம் எதற்கு என்றும் எழுதுங்கள். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் பணம் கட்டுவதற்கு முன்னால் இதே கேள்விகளைக் கேட்கலாம். கேட்க உரிமை இருக்கிறது.